ஏழாம் எண் கொடையாளர்

டாக்டர் திருமலைக்கொழுந்துக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் ஆண்டில் சென்னையில் ஓடிய ஆட்டோக்களில் பாதியின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு சாமியின் மேல் அவருக்குத் தனிப் பிரியம் இருந்தது. அந்தச் சாமிக்கு முகம் இல்லை. 7 என்ற எண்ணும் அதைச் சுற்றி மஞ்சளில் ஓர் ஒளிவட்டமும்தான். கீழே ‘ஏழு துணை’ என்று எழுதியிருக்கும். சிக்னலில் அந்த ஸ்டிக்கர் கண்ணில் பட்டால் டாக்டர் தன்னையறியாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

காரணம் வேறொன்றுமில்லை. அந்த ஏழு அவர்தான். அவரைத் தவிர இது யாருக்கும் தெரியாது.

ஏழு என்பது ஒரு ரத்தக் கொடையாளரின் எண். ‘அரண்’ என்ற புற்றுநோய் ஊசி அந்த ஒருவருடைய ரத்தத்திலிருந்து வந்தது. அதற்கு முன்னால், நோய் எதிர்ப்பு செல்களைத் திருத்திப் புற்றுநோயை அடிக்க அனுப்புவதென்றால் ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் ரத்தத்திலிருந்தே செய்ய வேண்டும். அளவெடுத்துச் சட்டை தைப்பது மாதிரி. துணி வெட்டி முடிப்பதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள். அரண் ரெடிமேட் சட்டை. ஒரே ஒருவரின் செல்களை எடுத்து, மரபணுவைத் திருத்தி, பெரிய பெரிய தொட்டிகளில் பெருக்கி, உறையவைத்து, எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பலாம். குப்பியின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும்: ஏழாம் எண் கொடையாளர், ஆண், வயது 26, பூரண ஆரோக்கியம், பெயர் ரகசியம்.

இதில் ‘ஆண்’ என்பது மட்டும் உண்மை.

மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்களில் வெளியே சொல்லாத ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்கு ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டுமென்றால் முறைப்படி பதினோரு படிவம் நிரப்பி, அறநெறிக் குழுவிடம் அனுமதி வாங்கி, ஒரு தன்னார்வலரை வரவழைக்க வேண்டும். நடைமுறையில், “இன்னைக்கு யாரு கை?” என்று ஒருவர் கேட்பார், பக்கத்தில் நிற்பவர் சட்டைக் கையை மடிப்பார். டாக்டரின் ஆய்வகத்தில் முதல் ஆறு கொடையாளர்கள் முறைப்படி வந்தவர்கள். ஆறு பேருடைய செல்களும் சொதப்பின. ஏழாவதாக வரவேண்டிய இளைஞர் பொங்கலுக்கு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். ஆய்வகம் காலி. மறுநாள் தொட்டியை இயக்காவிட்டால் எட்டு மாத உழைப்பு வீண். டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். இருந்த ஒரே கை அவருடையது.

அவர் ஊசி போடுகிற டாக்டர் அல்ல, பட்டம் வாங்கிய டாக்டர். ரப்பர் பட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு மூன்றாவது முயற்சியில்தான் நரம்பைப் பிடித்தார். வயது நாற்பத்துநான்கு, சர்க்கரை வியாதிக்காரர், கேன்டீனில் அப்போதுதான் நான்கு மெதுவடை சாப்பிட்டிருந்தார். பொங்கல் முடிந்ததும் முறையான ஆளைக் கொண்டு மறுபடி செய்துகொள்ளலாம் என்று நினைத்து, பதிவேட்டில் வராத இளைஞரின் வயதையே எழுதினார். பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் தொட்டியில் செல்கள் பிரமாதமாக வேலை செய்துகொண்டிருந்தன. மறுபடி செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு எல்லாம் வந்தது. உரிமம், விருது, வெளிநாட்டு மேடைகள், அவர் பெயரை உச்சரிக்கத் திணறும் வெள்ளைக்காரர்கள். “அந்தக் கொடையாளரைப் பற்றிச் சொல்லுங்களேன்” என்று பேட்டிகளில் கேட்பார்கள். “தன்னலமில்லாத மனிதர். பெயர் வெளியே வரக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறார். அப்படி ஓர் அடக்கம்” என்பார் டாக்டர். சொல்லும்போது அவருக்கே கைதட்டத் தோன்றும்.

இந்த நிலையில்தான் ஊரிலிருந்து செண்பகம் அக்கா கழுத்தில் கட்டியோடு வந்து இறங்கினாள்.

அக்காவுக்கு அறுபத்தாறு வயது. புளியடிக்குறிச்சித் தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து, போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவள். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். கட்டியைச் சோதித்தபோது நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் துளியும் கலங்கவில்லை. அரண் மிக நன்றாகக் கேட்கும் வகை அது. தன் கையாலேயே குப்பியை வாங்கி நர்சிடம் கொடுத்தார். “நாலாம் நாள் காய்ச்சல் வரும் அக்கா. பயப்படாத. உள்ள சண்டை ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்” என்றார்.

நாலாம் நாள் காய்ச்சல் வரவில்லை. எட்டாம் நாளும் வரவில்லை. அக்கா திருவான்மியூர் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டு, தமிழ்நாட்டுக் கூரியர் கம்பெனிகளைத் திட்டிக்கொண்டு, குளுகுளுவென்று இருந்தாள். இருபதாம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பெரிதாகியிருந்தது. புற்றுநோய் மருத்துவர் பேனாவை மூடி மூடித் திறந்தார். மூன்று மாதம் என்றார்.

அதற்கு மறுநாள் காலை இளவெயினி டாக்டரின் அறைக்கு வந்தாள். நிறுவனத்தின் புள்ளியியல் நிபுணர். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

“ஒரு அஞ்சு நிமிஷம் சார். உட்காருங்க.”

தன் அறையிலேயே தன்னை உட்காரச் சொல்கிறாளே என்று டாக்டருக்குத் தோன்றியது. உட்கார்ந்தார்.

“இந்தியாவுல பதினோராயிரம் பேருக்கு அரண் போட்டிருக்கோம். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேருக்குக் கேக்குது. மீதி இருநூத்திச் சொச்சம் பேருக்குக் கேக்கல.”

“தெரியும்மா. கட்டுரையில நானே எழுதியிருக்கேனே, காரணம் அறியப்படவில்லைன்னு.”

“அந்த இருநூத்திச் சொச்சத்துல அறுபத்தொரு பேர் ஒரே தாலுகா.” கையிலிருந்த கணினியைத் திருப்பிக் காட்டினாள். தமிழ்நாட்டு வரைபடத்தின் தெற்கு மூலையில் சிவப்புப் புள்ளிகள் அம்மை போட்டதுபோல் மண்டியிருந்தன. நடுவில் புளியடிக்குறிச்சி. “உங்க ஊர் சார்.”

“தண்ணியில ஏதாவது இருக்குமோ?”

“அதே தண்ணியைக் குடிக்கிற பேங்க் மேனேஜருக்குக் கேட்டிருக்கு. பஸ் ஸ்டாண்டுல பானிபூரி விக்கிற பீகார்க்காரருக்கும் கேட்டிருக்கு. கேக்காத அறுபத்தொரு பேரும் ஒரே வகையறா. எட்டு ஊருக்குள்ளேயே பொண்ணு எடுத்துப் பொண்ணு குடுத்திருக்காங்க. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன்னு. எத்தனை தலைமுறையா சார்?”

“நெறைய” என்றார் டாக்டர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அத்தை மகனும் மாமன் மகளும். செண்பகம் அக்காவைக் கட்டியவர் அம்மாவின் கடைசித் தம்பி.

“உங்க பாடத்தை உங்களுக்கே சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. அரண் செல் அடிக்கணும்னா ரெண்டு விஷயம் தெரியணும். எதிர்ல நிக்கிறது புற்றுநோய். எதிர்ல நிக்கிறது அந்நியன். ரெண்டாவதைப் பத்தி நாம கவலையே படல. ஏன்னா உலகத்துல எல்லாருமே அந்தக் கொடையாளருக்கு அந்நியன்தான்.”

“ஆமா.”

“அவரோட சொந்தக்காரங்களைத் தவிர.”

டாக்டர் மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தார். பிறகு இன்னொரு டம்ளர் குடித்தார்.

“ஏழு உங்க ஊர்க்காரர் சார், உங்க வகையறா. சொந்தத்தைப் பார்த்ததும் அந்த செல் கையைக் கட்டிக்கிட்டு நின்னுடுது. அவங்களுக்கெல்லாம் வேற ஒருத்தரோட செல்தான் குடுக்கணும். ரெண்டாவதா ஒரு செல் வரிசை எதுக்குன்னு உரிமக் குழு கேக்கும். காரணம் சொல்லணும்னா ஏழு யாருன்னு சொல்லியாகணும்.”

“அவரைத் தேடிப் பார்க்கலாம்” என்றார் டாக்டர்.

ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து வந்த வாக்கியங்களிலேயே இதைவிட அற்பமானது இல்லை என்று அதைச் சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது. இளவெயினி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்வை அவர் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு நொடி நின்றதோ என்று அவருக்குச் சந்தேகம்.

“தேடுங்க சார். உங்க அக்காவுக்கு மூணு மாசம் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நான்கு நாளும் டாக்டர் மனித குலத்தைப் பற்றி யோசித்தார். பொதுவாக அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால் பதிவேட்டுப் பொய் வெளியே வரும். உரிமம் கேள்விக்குள்ளாகும். தொட்டிகள் நிற்கும். உலகத்தில் மாதம் ஆயிரக்கணக்கானோர் ஊசியில்லாமல் தவிப்பார்கள். அவர்களுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. தன்னைப் பற்றி ஒரு சிந்தனையும் இல்லை. டிசம்பரில் ஸ்டாக்ஹோமுக்கு அருகில் ஒரு சொற்பொழிவு இருப்பதும், அதற்கென்று ஒரு கறுப்புக் கோட்டு தைக்கக் கொடுத்திருப்பதும் இதற்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள். இப்படி மிகவும் பெருந்தன்மையாக யோசித்ததில் அவருக்குச் சர்க்கரை முன்னூற்றிருபதுக்கு ஏறியது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அக்கா சாப்பாட்டு மேசையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏலே கொழுந்து, நாலஞ்சு நாளா மூஞ்சி சரியில்லையே. என்ன, எனக்கு நாள் குறிச்சாச்சா?”

“அதில்லக்கா.”

“பின்ன? சும்மா சொல்லுலே. தந்தி வாசிச்சுச் சொன்னவதானே நானும். எத்தனை சாவுச் சேதி பாத்திருப்பேன்.”

டாக்டர் சொன்னார். பொங்கல், பஸ் ஏறிய இளைஞன், பல்லில் கடித்த ரப்பர் பட்டை, நான்கு வடை, ஏழு, எல்லாவற்றையும் சொன்னார். அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். சொல்லி முடித்ததும் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளென்று நினைத்து டாக்டர் எழுந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ இருபத்தஞ்சு நாளா என் உடம்புக்குள்ள சுத்துறது நீதானா?”

“நான்னா, என்னோட செல்லு அக்கா.”

“அதான் ஒரு சோலியும் நடக்கலை. சின்னப் பிள்ளையில உன்னைய எண்ணெய் வாங்க அனுப்பிட்டு நான் அடுப்ப மூட்டிட்டு இருப்பேன். நீ வழியில கோலி ஆடுறவன்மாரு பக்கத்துல வாயப் பொளந்துக்கிட்டு நிப்ப. உள்ள போயும் அதே புத்திதானே.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயக் கை பட்டு இன்னும் எரிந்தது. “சாமின்னு கும்பிடுதானுவ ஆட்டோக்காரனுவ. யாருன்னு தெரிஞ்சா கண்ணாடிய உடைச்சிருவானுவ.”

டாக்டரும் சிரித்தார். நான்கு நாட்களில் முதல் தடவை. அப்போதுதான் அக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

“நம்ம ஆளுகளுக்கு யாருக்குமே கேக்கலைன்னு சொன்னியே. எத்தனை பேரு?”

“உன்னையும் சேத்து அறுபத்தொண்ணு.”

“போனது?”

“அம்பத்திரண்டு.”

“பரமசிவமும் அதுல சேத்தியா?”

பரமசிவம் சித்தப்பா மகன். நோய் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. பிழைத்திருக்க வேண்டியவன். அவன் சாவுக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பும்போது டாக்டருக்கு முதல் சந்தேகம் வந்தது. கணினியைத் திறந்தார், சொந்தக்காரர்கள் பெயரைப் போட்டுத் தேடலாமா என்று யோசித்தார், பிறகு மூடிவிட்டு மதுரையில் காபி குடித்தார். அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது.

“ஆமாக்கா. அப்பமே எனக்கு லேசா சந்தேகம் வந்துச்சு.”

“அவன் பொண்டாட்டி உன் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. பண்ண வேண்டியதெல்லாம் பண்ணிட்டிய அத்தான்னு. நீ மாலையும் கையுமா தலையத் தலைய ஆட்டிக்கிட்டு நின்ன. நான் பக்கத்துலதான் நின்னேன், பெருமையா.”

டாக்டருக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. “சொன்னா மருந்தையே நிறுத்திருவாங்கக்கா. எத்தனையோ ஆயிரம் பேரு” என்று முனகினார்.

“மருந்தை நிறுத்துவாவளா, உன்னைய நிறுத்துவாவளா?”

மனித குலத்தின் சார்பில் நான்கு நாள் வாதாடிய மனிதர் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

“மிச்சம் இருக்கிற எட்டுப் பேரு யாரு?” என்று கேட்டாள் அக்கா.

அவருக்குப் பெயர் தெரியாது. நோயாளி எண்கள்தான் தெரியும். வயதும் ஊரும் போட்ட பட்டியலை எடுத்துக் கொடுத்தார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டினாள். முப்பத்தைந்து வருடம் அந்த ஊர்களுக்குக் கடிதம் பிரித்துப் போட்டவள்.

“கீழக்குறிச்சி, பொம்பளை, நாப்பத்தொண்ணு. இது இசக்கியம்மா. ரெண்டும் பொட்டைப் பிள்ளைக. மேலப்பத்து, ஆம்பளை, பத்தொம்பது. வேலாயுதம் பேரன்லே இது. காலேஜுக்குப் போறானே.” எட்டுப் பேருக்கும் பெயர் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் கம்மிக்கொண்டே வந்தது. “எனக்காகப் போய்ச் சொல்ல வேண்டாம். நான் அறுபத்தாறு வருஷம் இருந்தாச்சு. இவுகளுக்காகப் போய்ச் சொல்லு.”

உரிமக் குழு அடுத்த புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூடியது. ஐந்து பேர். தலைவர் டாக்டர் ரெஜினா தேவசகாயம். நாகர்கோவில்காரர், அறுபத்துமூன்று வயது, சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. திருமலைக்கொழுந்து அவரை எங்கே கண்டாலும் வேறு வழியாகப் போய்விடுவார். அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ரெஜினா இதே மாதிரி இன்னொரு கொடையாளரின் செல்களிலிருந்து தனியாக ஒரு செல் வரிசையை உருவாக்கியிருந்தார். அதை மேலே கொண்டுபோக நிதி கேட்டு விண்ணப்பித்தபோது, மதிப்பீட்டுக்காக அது பெயர் வெளியே சொல்லாத ஒரு நிபுணரிடம் போயிற்று. அந்த நிபுணர் திருமலைக்கொழுந்து. ‘ஒன்றே உலகத்துக்குப் போதுமானதாக இருக்கையில் இரண்டாவது என்பது விஞ்ஞான ஆடம்பரம்’ என்று எழுதி அதை மூடினார். அந்த வாக்கியத்தை எழுதிய அன்று திருப்தியில் இரண்டு ஜிலேபி கூடச் சாப்பிட்டார்.

இப்போது அதே ரெஜினாவின் முன்னால் நின்று வாக்குமூலத்தை வாசித்தார். வாசித்து முடித்ததும் குழுவிலிருந்த வழக்கறிஞர், “இது மோசடி மேடம். பதிவேட்டைத் திருத்தி, வயசை மாத்தி” என்று ஆரம்பித்தார்.

ரெஜினா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். “அன்னைக்கு ரத்தம் எடுக்கும்போது வெறும் வயிறா?”

“இல்ல மேடம். நாலு வடை.”

“சாம்பாரோடயா?”

“சட்னி மேடம்.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. பிறகு, “எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க. டாக்டர் கொழுந்து மட்டும் இருக்கட்டும்” என்றார்.

கதவு மூடியதும் டாக்டர் முந்திக்கொண்டார். “மேடம், உங்க விண்ணப்பத்தை அன்னைக்கு மறுத்தது…”

“நீங்கதான். தெரியும். விஞ்ஞான ஆடம்பரம்னு தமிழ்நாட்டுல வேற எவன் எழுதுவான்? ஒரு வருஷம் உங்களைக் கரிச்சுக் கொட்டினேன். அப்புறம் வேலை வந்திருச்சு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த செல்லு இன்னும் என்கிட்டதான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரல. நைட்ரஜன் டாங்குல பதிமூணு வருஷமாத் தூங்குது. அப்பவே எல்லாச் சோதனையும் முடிச்சு வச்சது. எழுப்பிப் பெருக்க அஞ்சு வாரம் போதும்.”

டாக்டர் பக்கத்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். அழக் கூடாது என்று நினைத்தார், அழுதார். ரெஜினா அதைக் கவனிக்காததுபோல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கொடையாளர் எங்க ஊர்ப் பக்கம் சம்பந்தப்பட்டவங்க இல்லையே மேடம்? அதுதான் முக்கியம்” என்றார் கொஞ்சம் தெளிந்ததும்.

“சம்பந்தமே கிடையாது.”

“நல்லாத் தெரியுமா? பதிவேட்டுல என்ன இருக்கு?”

“பெண், வயசு இருபத்தெட்டு, பூரண ஆரோக்கியம், பெயர் ரகசியம்.”

ஆய்வகத்திலேயே வாழ்க்கையைக் கழித்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“அப்போ உங்களுக்கு என்ன வயசு மேடம்?”

“அம்பது” என்றார் ரெஜினா. “பிரஷர் மாத்திரை போட்டிருந்தேன். கிறிஸ்துமஸ் லீவு. லேப்ல ஒரு ஈ காக்கா இல்ல.”

டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ரெஜினா தலைவர் நாற்காலியில் உட்காரவில்லை. அதை வழக்கறிஞருக்குக் காட்டிவிட்டு, டாக்டருக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் வாக்குமூலத்தையும் குறிப்பில் ஏற்றச் சொன்னார். “இவரு சொன்ன பிறகு நான் மூடிக்கிட்டு இருந்தா நல்லா இருக்காது” என்றார். வழக்கறிஞர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த நாட்டில் விஞ்ஞானம் இப்படித்தான் நடக்கிறதா என்று கேட்டார். இந்த நாட்டில் மட்டுமில்லை என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

மருந்தை யாரும் நிறுத்தவில்லை. அக்கா சொன்னதுபோல் டாக்டரைத்தான் நிறுத்தினார்கள். விருதைத் திருப்பிக் கேட்டார்கள், அறையைக் காலிசெய்யச் சொன்னார்கள், கறுப்புக் கோட்டு தையல் கடையிலேயே தங்கிவிட்டது. ரெஜினாவும் பதவி விலகினார். அரண் குப்பியில் புதிய சீட்டு ஒட்டினார்கள்: ஆண், வயது 44, சர்க்கரை உண்டு. டாக்டர் ஏறிய ஓர் ஆட்டோவில் டிரைவர், “அந்த ஏழு ஒரு சுகர் பார்ட்டியாம் சார். அதான் ஊசி போட்டதுலேர்ந்து எங்கப்பா ஸ்வீட்டு கேட்டு உயிரை எடுக்கிறாரு” என்று குறைப்பட்டுக்கொண்டார். விஞ்ஞானப்படி அப்படியெல்லாம் ஆகாது என்று டாக்டர் விளக்கப் பார்த்தார். டிரைவர் நம்பவில்லை.

இரண்டாவது வரிசைக்குக் கருணை அடிப்படையில் அனுமதி கிடைத்தது. ஐந்து வாரம் ஆறு வாரமாக நீண்டது. அதற்குள் எட்டுப் பேரில் ஒருவர் போய்விட்டார். மேலப்பத்துப் பையன் இல்லை, அவனுக்குப் பக்கத்துத் தெருப் பெரியவர். டாக்டர் அந்தச் சாவுக்கும் போனார். இந்தத் தடவை வாசலில் நின்று யார் காரணம் என்பதைச் சொன்னார். அங்கே வந்திருந்த பரமசிவத்தின் மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அத்தான் என்று கூப்பிடவில்லை. அவர் அங்கேயே வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ் ஏறினார்.

ரெஜினாவின் செல்லை அக்காவுக்கு ஒரு திங்கட்கிழமை இரவு ஏற்றினார்கள். செவ்வாய், புதன், வியாழன், டாக்டர் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேலையும் இல்லை, போக ஓர் இடமும் இல்லை. ஒரு மணிக்கு ஒரு தடவை வாயைத் திறக்கச் சொன்னதில் அக்கா எரிச்சலில் தெர்மாமீட்டரைக் கடித்தே விடுவதாகச் சொன்னாள். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றெட்டரை. மறுபடி தொண்ணூற்றெட்டு. இவளுக்கு எதுவுமே கேட்காதோ என்று அவருக்குப் பயம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நூற்றிரண்டு. பன்னிரண்டு மணிக்கு நூற்றிமூன்றரை. அக்காவுக்குக் குளிரில் பல் கிடுகிடுத்தது. நர்சுகள் ஓடினார்கள், மருந்து ஏற்றினார்கள். டாக்டர் ஈரத் துணியைப் பிழிந்து அவள் நெற்றியில் போட்டார். அவசரத்தில் பாதித் தண்ணீர் தலையணையில் விழுந்தது. அவ்வளவு பெரிய காய்ச்சலைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை அந்த வார்டு அதுவரை கண்டதில்லை.

சாயங்காலம் நூறாக இறங்கியபோது அக்கா கண்ணைத் திறந்தாள்.

“அந்த நாகர்கோவில் அம்மாவுக்கு ஒரு போன் போடு.”

“அப்புறமாப் பேசலாம்க்கா. படுத்துக்கோ.”

“போடுலே.”

போட்டார். ஸ்பீக்கரில் வைத்துக் காதருகே பிடித்தார்.

“காய்ச்சல் எவ்வளவு?” என்றது ரெஜினாவின் குரல், வணக்கம்கூட இல்லாமல்.

“நூத்திமூணரை வரைக்கும் போச்சும்மா” என்றாள் அக்கா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வந்த நாலாம் நாளே சோலிய ஆரம்பிச்சிட்டிய. கழுத்துக்குள்ள என்னமா இழுக்கு.”

“இழுக்கட்டும். அது நல்லதுதான்” என்றார் ரெஜினா. அவர் குரலில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று தட்டியது. “உங்க தம்பியோட செல்லு என்ன பண்ணிச்சு, ரெண்டு மாசமா உள்ள உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுச்சா?”

டாக்டர் போனை இன்னும் நெருக்கிப் பிடித்தார். இதெல்லாம் கேட்க வேண்டியதுதான் என்று அவருக்கே தெரியும். அக்காவும் இப்போது கோலி விளையாட்டுக் கதையை எடுத்து விடுவாள் என்று காத்திருந்தார்.

அக்கா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

“அப்படிச் சொல்லாதீய” என்றாள். “அவன் என்னையத் தேடி உள்ள வந்திருக்கான். வந்து பாத்தா அக்கா நிக்கா. அவனுக்கு என் மேல கை ஓங்க வரலை. அவ்வளவுதான்.”

டாக்டர் ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் ஈரத் துணியையும் பிடித்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை இருக்கவில்லை.